ஏடிவி ஸ்டார்ட் ஆகவில்லையா? பழுதைத் தேடவேண்டிய வரிசை

சிங்கப்பூரின் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கத்துப் பண்ணைகளிலும் வேலியிட்ட தனியார் வளாகங்களிலும் ஓடும் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர) வண்டிகளைக் கவனிக்கும் பொறுப்பு, பெரும்பாலும் மெக்கானிக் வேலையை முறையாகப் படிக்காத ஒருவரிடமே வந்து சேர்கிறது. "மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியுமல்லவா, இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்" என்று முதலாளி சொல்வதே நியமன உத்தரவாகிவிடும். இந்த வழிகாட்டி அப்படிப் பொறுப்பேற்றவருக்காக எழுதப்பட்டது.

சிங்கப்பூரில் ஏடிவியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது. ஆகவே காக்கி புக்கிட்டில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோவதானாலும் லாரி பிடித்து, ஏற்றி, கட்டித்தான் அனுப்பவேண்டும். அணைத்தபடி மறந்துபோன ஒரு சுவிட்சுக்காக லாரி வாடகை கொடுத்தவர்கள் உண்டு. வண்டி நிற்கும் இடத்திலேயே பழுதின் வகையைக் கண்டுபிடித்துவிட்டால், பாதி நேரம் லாரியே தேவைப்படாது. தேவைப்பட்டாலும் பட்டறையில் என்ன சொல்லவேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது அறிவுக் குறைவால் அன்று, வரிசைக் குழப்பத்தால். காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு நேராக, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றுவதும், அளந்து பார்க்காமல் புதிய பேட்டரி வாங்குவதும், ஒரே நேரத்தில் மூன்று பாகங்களை மாற்றிவிட்டு எது பழுதாக இருந்தது என்றே தெரியாமல் நிற்பதும் வழக்கமாகக் காணும் காட்சிகள். கீழே உள்ள படிகள் செலவில்லாதவற்றில் தொடங்கிச் செலவுள்ளவற்றுக்கும், கழற்றத் தேவையில்லாதவற்றில் தொடங்கிக் கழற்றவேண்டியவற்றுக்கும் செல்கின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

முதலில் வேண்டியது வோல்ட்டும் ஓமும் அளக்கும் மல்டிமீட்டர். ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவரிலோ தேக்கா பக்கத்துக் கடைகளிலோ வாங்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும். இது இல்லாமல் மின்சாரப் பழுதைத் தேடுவது ஊகம் மட்டுமே.

அடுத்து, உங்கள் வண்டியின் ஸ்பார்க் பிளக்குக்குச் சரியாகப் பொருந்தும் பிளக் ஸ்பேனர், 8, 10, 12 மி.மீ. ஸ்பேனர்கள், ஸ்க்ரூ டிரைவர்கள், மூடியுள்ள ஒரு கண்ணாடி ஜாடி, பித்தளை அல்லது இரும்பு நார் பிரஷ், உங்கள் மாடலுக்குரிய புதிய பிளக் ஒன்று. ஜாடி எதற்கு என்பது எட்டாம் பகுதியில் தெரியும்.

உற்பத்தியாளரின் சர்வீஸ் கையேட்டைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். பிளக் இடைவெளி, வால்வு இடைவெளி, காயில்களின் ஓம் அளவு ஆகியவை மாடலுக்கு மாடல் வேறுபடும். இன்னொரு வண்டியின் எண்ணை வைத்து உங்கள் வண்டியின் பாகத்தைக் குறைசொல்வது வீண் செலவில் முடியும்.

2. வண்டியை நிறுத்தும் விதம்

வண்டியைத் திறந்தவெளியில், சமதரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சோதனையின் நடுவில் எஞ்சின் திடீரென்று பிடித்துக்கொள்ளலாம். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே ஏறும்.

மழைக்குப் பயந்து கன்டெய்னருக்குள் வைத்து வேலை செய்வது இங்கே பரவலான பழக்கம். அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி கீழே தேங்கி நிற்கும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் கார்பன் மோனாக்சைடு மணமின்றி நிறையும். கூடாரத் துணி கட்டி அதனடியில் வேலை செய்வது மேல். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும்.

3. ஓசையைக் கேட்டு வகை பிரித்தல்

எதையும் தொடுவதற்குமுன் ஒருமுறை, ஒரேயொரு முறை, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். பழுது பின்வரும் நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.

எந்த ஓசையும் இல்லை என்றால் சுவிட்சு, ஃபியூஸ், பேட்டரி ஆகிய மூன்றின் பக்கம் போகவேண்டும். பகுதி 4, 5. "டிக் டிக் டிக்" என்று வேகமாகவோ, "டக்" என்று ஒருமுறை மட்டுமோ கேட்டால் பகுதி 5, 6. ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினை நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பகுதி 7 முதல் 10 வரை, கடைசியில் பகுதி 12. பிடித்து, சில விநாடிகளில் அணைந்துபோனால் நேராகப் பகுதி 11.

இந்தப் பிரிவினைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், எஞ்சின் சுற்றவே இல்லாதபோது கார்புரேட்டருக்கும் பிளக்குக்கும் அதில் ஏறக்குறைய எந்தப் பங்கும் கிடையாது. அதேபோல எஞ்சின் விறுவிறுவென்று சுற்றும்போது ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றுவதில் பொருளில்லை. ஓசை ஒன்றே சோதனைப் பட்டியலில் பாதியை வெட்டித் தள்ளிவிடுகிறது.

பட்டனை ஒரே மூச்சில் ஐந்து விநாடிக்குமேல் அழுத்தாதீர்கள். இரண்டு முயற்சிகளுக்கு இடையே அரை நிமிடமாவது விடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் குறுகிய நேரப் பயன்பாட்டுக்காகவே செய்யப்பட்டது. விடாமல் அழுத்தினால் அதன் சுருள் சூடேறும், பேட்டரியும் இறங்கும். ஒரு பழுது இரண்டாகும்.

4. சுவிட்சுகளும் பூட்டுகளும்

ஏடிவியில் மோட்டார் சைக்கிளைவிடப் பாதுகாப்புப் பூட்டுகள் அதிகம். அவற்றில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது, அல்லது எஞ்சின் சுற்றினாலும் ஸ்பார்க் வராது.

கைப்பிடியின் இடப்பக்கம் உள்ள சிவப்பு எஞ்சின் ஸ்டாப் சுவிட்சு 'ரன்' நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டியைக் கழுவியவர், உட்கார்ந்து விளையாடிய பிள்ளை, துணி போட்டு மூடியவர் என யார் கை வேண்டுமானாலும் பட்டிருக்கும். சிறுவர்களுக்கான மாடல்களிலும் வாடகை வண்டிகளிலும் பின்னால் ஒரு கயிறு தொங்கும்; அதன் முனை செருகப்பட்டிருந்தால்தான் எஞ்சின் ஓடும்.

பிறகு கியர். நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். லீவர் நியூட்ரலில் இருப்பதுபோலத் தோன்றும், விளக்கு எரியாது. வண்டியை முன்னும் பின்னும் சற்று அசைத்து லீவரை மீண்டும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பலவற்றைப் பிரேக் பிடித்தால்தான் ஸ்டார்ட் செய்ய முடியும்.

ஒரு பண்ணையில், ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த இளைஞர் இருக்கையைக் கழற்றி, ஏர் பாக்ஸைக் கழற்றி, கார்புரேட்டர் கிளாம்ப்பில் ஸ்க்ரூ டிரைவரை வைத்திருந்த நேரத்தில் நான் போய் நின்றேன். "அண்ணே, கார்புரேட்டர் அடைச்சிருக்கு போல" என்றார். "பட்டனை அழுத்தினா மோட்டார் சுத்துதா தம்பி?" என்று கேட்டேன். "இல்லண்ணே, சத்தமே வரல." பிரேக் லீவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன், பிரேக் விளக்கு எரியவில்லை. லீவரின் அடியில் இருக்கும் சிறிய சுவிட்சில் சேறு காய்ந்து இறுகியிருந்தது. ஸ்ப்ரே அடித்து நாலைந்து முறை அழுத்தி விட்டதும் விளக்கும் எரிந்தது, வண்டியும் ஸ்டார்ட் ஆனது.

பிரேக் பிடித்தால் பின்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதற்குக் கருவியே வேண்டாம். ஆனாலும் இதைச் செய்பவர்கள் குறைவு. விளக்கு எரிந்தால் அந்தச் சுவிட்சு வேலை செய்கிறது என்று பொருள்; எரியாவிட்டால் சுவிட்சு பழுது, பல்பு மட்டும் போயிருந்தால் ஒழிய.

சாவியைத் திருப்பியும் டாஷ்போர்டில் எந்த விளக்கும் வராவிட்டால் மெயின் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போடவேண்டும். புதியதும் உடனே எரிந்தால் எங்கோ ஒரு வயர் உரசி பாடியில் படுகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் பெரிய ஃபியூஸ் போடுவது வயரிங் முழுவதையும் எரிக்கும் வழி. பூட்டுச் சுவிட்சுகளைச் சோதனைக்காகத் தற்காலிகமாகத் தாண்டிப் பார்க்கலாம். வயரை முறுக்கி அப்படியே விட்டுவிடக்கூடாது. அடுத்து ஓட்டுபவர் வண்டியைக் கியரில் வைத்து ஸ்டார்ட் செய்வார்.

5. பேட்டரி

சிங்கப்பூரில் ஏடிவி ஸ்டார்ட் ஆகாமைக்கு நான் அதிகம் சந்தேகப்படுவது பேட்டரியைத்தான். குளிர் நாடுகளில் பேட்டரி குளிரால் வலுவிழக்கும் என்று படிப்போம். ஆனால் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் வெயில் அதைவிட மோசமானது. சூடு கூடக்கூடப் பேட்டரி தானாகவே இறங்கும் வேகமும் கூடுகிறது. வாரம் முழுவதும் தகரக் கொட்டகையில் நின்று, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிறிது தூரம் ஓடும் வண்டிக்கு, இறங்கிய சார்ஜ் திரும்ப ஏறுவதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, முனைகளைக் கம்பிக் கிளாம்ப்பில் வைக்காமல் பேட்டரியின் கம்பத்திலேயே (டெர்மினலிலேயே) வைத்து அளவெடுங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் முழுச் சார்ஜ். சீல் செய்த ஏஜிஎம் வகையில் 12.8 வரை இருக்கும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு. 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே போனால் அதைச் சார்ஜ் செய்யாமல் மற்ற எந்தச் சோதனையையும் நம்பமுடியாது.

இத்துடன் நிறுத்திவிடுவதுதான் பரவலான தவறு. சும்மா இருக்கும்போது 12.6 காட்டும் பேட்டரி சுமை ஏறியதும் சரியக்கூடும். ஆகவே மீட்டரை அப்படியே பிடித்தபடி இன்னொருவரைப் பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அப்போது அளவு 9.6-க்குமேல் நின்றால் பேட்டரி தாக்குப்பிடிக்கிறது. ஏழு, ஆறு என்று விழுந்தால் உள்ளே செல் போய்விட்டது, அல்லது சார்ஜ் குறைவு. முழுச் சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா வைத்து, மறுபடி இதே சோதனையைச் செய்தபிறகே புதிய பேட்டரிக்குப் பணம் எடுக்கவேண்டும். சார்ஜரைக் கழற்றிய உடனே அளந்தால் மேல்மட்டச் சார்ஜ் பொய்யான உயர்ந்த எண்ணைக் காட்டும்.

சார்ஜ் செய்யும்போது மின்னோட்டம் பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றி இருக்கட்டும். 12 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 1.2 ஆம்பியர். கார் பேட்டரிக்கான பெரிய சார்ஜரை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது பேட்டரி உப்பியிருக்கும்.

இனி இணைப்புகள். பேட்டரி நல்லதாக இருந்தும் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றினால், கம்பத்தில் பூத்திருக்கும் வெள்ளை அல்லது பச்சைப் பூவையும், எர்த் கம்பி சேஸிஸில் மாட்டியிருக்கும் போல்ட்டையும் பாருங்கள். கடற்கரையில் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்று இந்தப் போல்ட்டின் அடியில் நுழைந்து, மேலே பளபளப்பாகவும் உள்ளே துருவாகவும் ஆக்கிவைக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வையுங்கள்: 0.2 வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துருவை இந்த ஒரு சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவை முதலிலும், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியிலும் கையாளுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சேஸிஸில் பட்டவுடன் பேட்டரி முழுவதும் ஷார்ட் ஆகும்.

காரிலிருந்து ஜம்ப் கொடுப்பதாக இருந்தால் கார் எஞ்சினை அணைத்தே வையுங்கள். சிறிய ஏடிவிக்கு அந்தப் பேட்டரி மட்டுமே தாராளமாகப் போதும். கருப்புக் கம்பியின் கடைசி முனையை ஏடிவியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் உலோகத்தில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜனுக்குப் பக்கத்தில் அது நிகழக்கூடாது.

வண்டி ஓடத் தொடங்கியதும் வேலை முடிந்துவிடவில்லை. ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டிப் பிடித்து மறுபடி பேட்டரியை அளந்தால், பெரும்பாலான வண்டிகளில் 13.8-க்கும் 14.7-க்கும் இடையே வரவேண்டும். 12-இலேயே நின்றால் ஸ்டேட்டரோ (எஞ்சினில் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) ரெகுலேட்டரோ (அதை அளவாக்கும் பாகம்) சார்ஜ் கொடுக்கவில்லை. எத்தனை புதிய பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் இதே கதைதான்.

6. "டிக்" என்ற ஓசை மட்டும் வந்தால்

வேகமான தொடர் டிக்குகளுக்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் குறைந்த மின்னழுத்தமே. மேலே சொன்ன பகுதிக்குத் திரும்புங்கள். ஒற்றை டக் கேட்டு, பேட்டரியும் இணைப்புகளும் நன்றாக இருந்தால், சோலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சு) அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார்.

சோலினாய்டில் இரண்டு பெரிய போல்ட்டுகள் இருக்கும்: ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, மற்றது மோட்டாருக்குப் போவது. மோட்டார் பக்கத்துப் போல்ட்டுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்துப் பட்டனை அழுத்துங்கள். டக் ஓசை கேட்டும் பேட்டரி அப்போது காட்டும் அளவுக்கு அருகில் வராவிட்டால் சோலினாய்டின் உள்முனைகள் கருகியிருக்கின்றன. மின்னழுத்தம் வந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு போல்ட்டையும் இணைத்துப் பார்க்கும் பழைய முறை விடை தரும் என்றாலும், அது பூட்டுகளையெல்லாம் தாண்டி எஞ்சினைச் சுற்றிவிடும். பெரிய பொறியும் பறக்கும். மீட்டர் இருக்கும்போது அதற்கு அவசியமில்லை.

மோட்டாரைக் குறைசொல்வதற்குமுன் எஞ்சின் சுற்றக்கூடியதுதானா என்று பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்று ஸ்டார்ட்டரை இழுத்துப் பாருங்கள். கயிறு இல்லாத வண்டியில் பட்டனையே தொட்டுப் பார்க்கலாம், ஆனால் பிளக் துளைக்கு நேரே நிற்காதீர்கள், பிளக் கேப்பை எஞ்சினில் எர்த் செய்து வையுங்கள். துளையிலிருந்து பெட்ரோலோ தண்ணீரோ பீறிட்டால், சிலிண்டரில் திரவம் தேங்கி பிஸ்டனைத் தடுத்திருந்தது என்று பொருள். உடனே எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் மணம் வீசினால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி மூடவில்லை. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரண்டிலும் ஆயிலை மாற்றாமல் எஞ்சினை ஓடவிடக்கூடாது.

7. சுற்றுகிறது, பிடிக்கவில்லை: முதலில் பிளக்

எஞ்சின் பற்ற மின்பொறி, பெட்ரோல், காற்று, அழுத்தம் ஆகிய நான்கும் வேண்டும். பிளக்கை முதலில் கழற்றுவதற்குக் காரணம், அந்த ஒரே பாகம் மற்ற மூன்றைப் பற்றியும் செய்தி சொல்லிவிடுகிறது.

கழற்றுமுன் அதைச் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றுங்கள். ஏடிவியில் அந்தக் குழியில் எப்போதும் மணல் கிடக்கும். பிளக் வெளியே வந்தவுடன் அது சிலிண்டருக்குள் விழும்.

பிளக் முனை ஈரமாகப் பெட்ரோல் மணத்துடன் இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் மின்பொறி இல்லை அல்லது பெட்ரோல் அளவு மீறிவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, பகுதி 8. உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயில் பிசுபிசுப்பாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம்.

மின்பொறியைச் சோதிக்க ஸ்பார்க் டெஸ்டர் கருவியே பாதுகாப்பானது. அது இல்லையென்றால் நல்ல பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் அழுத்தமாகப் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி, காப்பிட்ட இடுக்கியால் பிடியுங்கள். கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டு எஞ்சினைச் சுற்றாதீர்கள்; வெளியேற வழியில்லாத உயர் மின்னழுத்தம், பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ யூனிட்டையோ காயிலையோ கெடுத்துவிடும், அவை பிளக்கைப்போல மலிவானவை அல்ல. நீல நிறத்தில் சட்டென்று பாயும் பொறி நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் போதாது.

பொறி இல்லையென்றால் முதலில் புதிய பிளக். பிறகு கேப்பைத் திருகிக் கழற்றி, வயரின் நுனியில் அரை செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி திருகுங்கள். நம் ஈரப்பதத்தில் அந்த நுனி பச்சையேறிக் கிடப்பது சாதாரணம். அடுத்து ஸ்டாப் சுவிட்சின் வயரிங். இவ்வளவுக்குப் பிறகும் இல்லையென்றால்தான் காயிலையும், பொறி பாயவேண்டிய நேரத்தைக் காட்டும் பிக்கப் காயிலையும் கையேட்டின் ஓம் அளவோடு ஒப்பிடவேண்டும். சிடிஐ யூனிட்டைக் கடைசியாகச் சந்தேகியுங்கள்.

பெட்ரோல் அளவு மீறிய எஞ்சினுக்கு, சோக்கை (காற்று வழியை அடைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும் தகட்டை) எடுத்துவிட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, ஆக்சிலரேட்டரை முழுமையாகப் பிடித்துச் சில விநாடிகள் சுற்றுங்கள். காற்று உள்ளே பாய்ந்து ஈரத்தை வெளியேற்றும். இந்த நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் சோக்தான். விடியற்காலையிலும் 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில், அமெரிக்கக் காணொளியில் பார்த்ததுபோல முழுச் சோக் போட்டு நிமிடக்கணக்கில் வைத்திருக்கத் தேவையில்லை. காலையில் முதல் முறை சில விநாடிகள் போதும். சூடான எஞ்சினுக்கு வேண்டவே வேண்டாம்.

8. பெட்ரோல் வந்துசேர்கிறதா

டேங்கைத் திறந்து பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். நாட்பட்ட பெட்ரோல் வார்னிஷ் போல மணக்கும். டேப் 'ஆன்' நிலையில் இருக்கவேண்டும். பெட்ரோல் குறைவாக இருந்தால் 'ரிசர்வ்'. வெற்றிடத்தால் திறக்கும் டேப்பாக இருந்தால் எஞ்சின் சுற்றாதபோது பெட்ரோல் ஓடாது. அதில் 'பிரைம்' நிலை இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது ஜாடி. கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகால் ஸ்க்ரூ இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது அதன் குழாயை ஜாடிக்குள் விட்டு ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். கிண்ணத்தில் இருந்தது வடிந்து, அதன்பின்னும் தொடர்ந்து ஓடவேண்டும். கொஞ்சம் வடிந்து நின்றுபோனால் டேப், ஃபில்டர், ஃப்ளோட் ஊசி இவற்றுள் ஒன்று அடைத்திருக்கிறது. எதுவுமே வராவிட்டால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள்; 'ஸ்ஸ்' என்று காற்று இழுபட்டு ஓட்டம் தொடங்கினால் மூடியின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. குளவி மண் கூடு கட்டுவதற்கு அந்தக் குழாய் அளவெடுத்துச் செய்தது போலிருக்கும்.

ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. அடியில் கண்ணாடிக் குண்டுகள்போல உருண்டு, ஜாடியைச் சாய்த்தால் பெட்ரோலுக்கு அடியிலேயே வழுக்கி ஓடும். செம்பழுப்புத் தூள் தெரிந்தால் அது டேங்கின் துரு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை, திறந்தவெளியில் நிற்கும் வண்டிகளில் இந்தத் தண்ணீரை எதிர்பாருங்கள். டேங்கைப் பாதியாக விட்டுவைத்தால் மேலேயுள்ள ஈரக் காற்று இரவில் உள்சுவரில் வியர்த்துக் கீழே இறங்கும். நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி, கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

வடித்த பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். கிராஞ்சிப் பக்கத்துக் கால்வாய்கள் நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்துக்கே போகின்றன. மூடிய உலோகக் கலனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுக் கொடுங்கள்.

9. காற்று

ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். ஃபோம் பஞ்சு சேறாலோ மழைநீராலோ நனைந்திருந்தால் எஞ்சின் மூச்சுவிடாது. கழுவி, முழுக்கக் காயவிட்டு, ஃபில்டர் ஆயில் தடவி மாட்டுங்கள். சோதனைக்காகச் சில விநாடிகள் ஃபில்டர் இல்லாமல் சுற்றிப் பார்க்கலாம், ஓட்டக்கூடாது. காற்று நுழையும் மேல்வாயில் எலி வைக்கோல் சேர்த்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

10. ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டி

இவற்றில் டேப்பும் சோக்கும் இருக்காது. சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் இரண்டு மூன்று விநாடிகளுக்கு 'ஙீ' என்று பம்ப் ஓடும் ஓசை கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பம்பின் ஃபியூஸ், ரிலே, கனெக்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

வண்டி கவிழ்ந்து நிமிர்த்தப்பட்டதா என்று ஓட்டியவரிடம் கேளுங்கள். பலர் தாமாகச் சொல்லமாட்டார்கள். சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்தியிருக்கும். வண்டியை நேராக நிறுத்திச் சாவியை அணைத்து மீண்டும் போட்டால் பெரும்பாலும் விடுபடும். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தாலோ மினுக்கினாலோ அந்தக் குறியீட்டைக் கையேட்டில் பார்த்தபிறகே எதையும் தொடுங்கள். இந்த வண்டிகளின் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். அதை இறக்காமல் கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீறிடும்.

பேட்டரி இறங்கிய இன்ஜெக்‌ஷன் வண்டியில் மோட்டார் சுற்றினாலும் பம்பும் கணினியும் விழிக்காமல் இருக்கலாம். பகுதி 5-ஐ அரைகுறையாகச் செய்தவர்கள் இங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

11. பிடித்து, உடனே அணைந்தால்

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் அணைகிறது என்றால் கார்புரேட்டரின் பைலட் ஜெட் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் நுண்துளைப் பாகம்) அடைத்திருக்கிறது. கார்புரேட்டரைக் கழற்றுவது நியாயமாகும் இடம் இதுதான். கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அமர்கிறது என்று எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே எண்ணுக்குக் கொண்டுவரவேண்டும். ஜெட்டின் துளையைக் கார்ப் கிளீனராலும் அழுத்தக் காற்றாலும் சுத்தம் செய்யுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. இரும்புக் கம்பியை நுழைத்தால் துளை பெரிதாகி, அதன்பின் வண்டி நிரந்தரமாகப் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும்.

சில நிமிடங்கள் ஓடி அணைந்தால் டேங்க் மூடியின் காற்றுக் குழாயை மறுபடி நினைத்துப் பாருங்கள். காலையில் நன்றாகப் பிடித்து, சூடானபின் மட்டும் மறுத்தால் இரண்டு சந்தேகங்கள் உண்டு: சூட்டில் அறுந்துபோகும் இக்னிஷன் காயில், அல்லது இறுகிப்போன வால்வு. அந்தச் சூடான நிலையிலேயே ஸ்பார்க்கைச் சோதித்தால் இரண்டில் எது என்று பிரியும். ஆறவிட்டுச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே தெரியும்.

12. கடைசியில் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்)

பொறி, பெட்ரோல், காற்று மூன்றும் சரியாக இருந்தும் பிடிக்காத எஞ்சினுக்கே இந்தச் சோதனை. கம்ப்ரஷன் கேஜைப் பிளக் துளையில் திருகி, ஆக்சிலரேட்டரை முழுமையாகத் திறந்து, எண் உயர்வது நிற்கும்வரை எஞ்சினைச் சுற்றுங்கள். ஆக்சிலரேட்டரைத் திறக்காமல் எடுக்கும் அளவு பொய். பல ஏடிவி எஞ்சின்களில் ஸ்டார்ட் ஆகும்போது அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் அமைப்பு இருப்பதால், எண் தாழ்வாக வந்தவுடன் பதறாமல் கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள்.

உண்மையிலேயே தாழ்வாக இருந்தால், பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கவும். எண் தெளிவாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வுப் பக்கம் கசிகிறது. வால்வு இடைவெளி குறைந்து வால்வு முழுவதும் மூடாமல் போவது, சர்வீஸ் தள்ளிப்போடப்பட்ட வண்டிகளில் அடிக்கடி நிகழ்வது. இதை ஆறிய எஞ்சினில் சரிசெய்துவிடலாம், எஞ்சினைப் பிரிக்கவேண்டியதில்லை.

13. பட்டறைக்கு அனுப்பவேண்டி வந்தால்

ரிங், ஸ்டேட்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப் அழுத்தம் ஆகியவற்றைத் தளத்தில் வைத்துத் தீர்க்க முயலாமல் லாரி பிடிப்பது சிக்கனம். அனுப்புமுன் பெட்ரோல் டேப்பை மூடி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

வண்டியோடு ஒரு தாளும் போகட்டும். அதில் சும்மா இருக்கும்போது பேட்டரி காட்டிய வோல்ட், பட்டனை அழுத்தியபோது காட்டிய வோல்ட், கேட்ட ஓசையின் வகை, பிளக் எப்படி இருந்தது, ஸ்பார்க் வந்ததா, ஜாடியில் தண்ணீர் இருந்ததா, நீங்கள் ஏற்கெனவே மாற்றிய பாகம் எது என்பவற்றை எழுதுங்கள். "ஸ்டார்ட் ஆகல பாஸ்" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டு வந்தால், பட்டறைக்காரர் பகுதி 4-இலிருந்து தொடங்கி அத்தனை மணி நேரத்துக்கும் கூலி எழுதுவார்.